தலையேறு குண்டும் குப்கல் குன்றும்

சென்ற திங்கள் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறியபோது நாமும் உடன் சென்றோம். படிகள் 3,550 என்பர். நாம் எண்ணவில்லை, நம் முழங்கால்கள் எண்ணின. வழியின் தொடக்கத்திலேயே தலையேறு குண்டு என்னும் பாறை உள்ளது. அனுமன் உருவம் செதுக்கிய அப்பாறையில் தலையையும் முழங்காலையும் வைத்து அழுத்தினால் வலி வாராது என்பது நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக அடியார் அவ்வாறு செய்ததன் தடம் கல்லில் பதிந்திருக்கிறது. உளி செய்த உருவத்தினும் அந்தக் குழிகளே நம்மை நெடுநேரம் நிறுத்தின.

இவற்றின் மூத்த உடன்பிறப்புகளை நாம் பல்லாரியில் பணியாற்றிய நாளில் கண்டதுண்டு. ரேணிகுண்டாவில் வண்டியேறிக் குண்டக்கல் வழியாகச் சென்றால் கர்நாடகத்துப் பல்லாரி வரும். ஊருக்கு அருகே குப்கல் குன்று. அதன் கரும்பாறைகளில் நீண்ட கொம்புடைய மாடுகளும் மனித உருவங்களும் ஏராளம். கல்லைக்கொண்டு கொத்திக் கொத்திப் பொறித்தவை அவை. சில, கைக்கெட்டாத உயரத்தில் உள்ளன. பொறித்தவன் எங்கே கால் ஊன்றினானோ! 1892-இல் ஃபாசெட் என்னும் ஆங்கிலேயர் இவற்றைப்பற்றி எழுதினார்.

ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மாடு மேய்க்கும் மக்கள் அப்பகுதியில் குடியிருந்தனர். அந்தக் கரும்பாறையை உடைத்தே கோடரி செய்தனர். சாணத்தைக் குவித்து எரித்த சாம்பல் மேடுகளும் அருகில் உண்டு. அதனினும் வியப்பு, சில பாறைகளைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். தட்டித் தட்டியே அவற்றிலும் குழி விழுந்திருக்கிறது. உருவமும் ஒலியும் உயரமும் கீழே விரியும் நிலமும் சேர்ந்ததே அவ்விடம். ஒரு பாறையைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால் மாடு வந்து சேரும், குன்று வாராது.

அக்குன்றையே கல்லுடைக்கும் தொழில் தின்று வருவதாக 2004-இல் ஆய்வாளர் எச்சரித்தனர். நம் இருப்புப்பாதைக்கும் ஜல்லி வேண்டும் என்பதை நாம் மறைக்கவில்லை.

அலிபிரியில் அன்று நம் கூட்டத்துச் சிறுவன் ஒருவன் படியோரப் பாறையில் ஆணியால் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். தந்தையார் பெருமையோடு பார்த்து நின்றார். நாம் ஆணியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குப்கல் மாடுகளின் கதையைச் சொன்னோம்.

“அவர்கள் மட்டும் பாறையில் எழுதலாமா, மாமா?” என்று கேட்டுவிட்டு அவன் பத்துப் படி மேலே ஓடிவிட்டான். காலிகோபுரம் வரையில் நாம் விடை தேடிக்கொண்டே ஏறினோம்.