குழுவிசைத் தேர்வில் குழு எங்கே?

மர்பி டவுனில் எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவன் ஒருவன், தன் கல்லூரியின் இசைக்குழு நிகழ்த்துகைத் தாளில் வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் பெற்றிருக்கிறான். தேவாலயப் பாடற்குழுவிலும் சாவு ஊர்வலங்களிலும் சிறுவயது முதல் கொட்டிப் பழகியவன். கல்லூரி விழா மேடையில் பாடகி ஓரிடத்தில் தாளம் தவறி முந்திப் பாடியபோது, டிரம்ஸில் இருந்த அவன்தான் அக்கணமே அவளைப் பின்தொடர்ந்து மற்றவர்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தான். பிழை நேர்ந்தது அவையில் எவருக்கும் தெரியவில்லை. அவன் செய்தது மதிப்பெண் பட்டியலுக்கும் தெரியவில்லை.

அப்பட்டியலைப் பார்த்தேன். வருகைப்பதிவு, தனி வாசிப்பு, மேலை இசைக்குறியீட்டை வாசித்தல், வாய்மொழித் தேர்வு என நான்கே தலைப்புகள். பாடத்திட்டத்தின் கற்றல் அடைவுகளில் முதலாவதாக எழுதப்பட்டிருப்பதோ, பிறரோடு இணைந்து இசைக்கும் திறன். அதற்கு ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கப்படவில்லை.

இந்த அளவுகோல் தனிப்பயிற்சித் தேர்வுகளிலிருந்து இரவல் வாங்கப்பட்டது. 1889இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியத்தின் வழக்கமான கருவியிசைத் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண்: மூன்று உருப்படிகளுக்கு 90, ஸ்வரவரிசைகளுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவித்திறனுக்கு 18. 2020இல் அறிமுகமான நிகழ்த்துகைத் தேர்வில் அந்தச் செவித்திறன் சோதனையும் இல்லை. ஒருவர் தனியே கற்றதைச் சோதிக்கும் தேர்வு என்ற அளவில் அதில் குறைகாண ஒன்றுமில்லை. குழுவிசையை அதனால் அளப்பதே பிழை.

விளைவு என்ன? பருவத்தின் முதல் நாளிலேயே இத்தேர்வை நடத்தியிருந்தாலும் மதிப்பெண் வரிசை பெரும்பாலும் இதுவாகவே இருந்திருக்கும். கல்லூரி கற்பித்ததை இது அளக்கவில்லை. பெற்றோர் கட்டிய தனிப்பயிற்சிக் கட்டணத்தை அளக்கிறது. தெருவில் கற்றவன் கடைசியில் நிற்பது தற்செயல் அன்று.

நம் மரபுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. பாலக்காடு மணி ஐயரின் பெருமையைப் பேசுவோர் தனி ஆவர்த்தனத்தோடு நிறுத்துவதில்லை. பாடகரின் சங்கதிக்கு அவர் வாசித்த விதத்தையும், எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதையும் சேர்த்தே பேசுவார்கள். பக்கவாத்தியம் என்ற சொல்லிலேயே ஓர் அளவுகோல் அடங்கியிருக்கிறது. பறையடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: பக்கத்தில் நிற்பவரின் அடியோடு சேராதவரை, எத்தனை வேகமாக அடித்தாலும், தேர்ந்தவர் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

“குழுவுக்கு ஒரே மதிப்பெண் கொடுத்தால் உழைக்காதவனும் தேறிவிடுவான், பல்கலைக்கழகம் கேட்பது தனிநபர் மதிப்பெண்” என்பார்கள். நியாயமான மறுப்பு. ஒரே மதிப்பெண் கொடுக்குமாறு நானும் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் குழுவுக்குள் வைத்துத் தனித்தனியே மதிப்பிடுங்கள் என்கிறேன். முதல் வாரமும் கடைசி வாரமும் ஒரே பாடலைப் பதிவுசெய்து இரண்டையும் தேர்வாளர் கேட்கட்டும். தேர்வின்போது ஒருவரிடம் மட்டும் சொல்லி நடையின் வேகத்தை மாற்றச் செய்து, அதை யார் முதலில் செவிமடுக்கிறார், யார் தன் போக்கில் போகிறார் என்று பார்க்கட்டும். தம் ஒத்திகைப் பதிவைக் கேட்டு, எங்கே பிசகியது, எப்படித் திருத்தலாம் என்பதை மாணவர் தமிழிலோ கன்னடத்திலோ சொல்லட்டும். பருவத்தில் மூன்று ஒத்திகைகளுக்கேனும் மதிப்பெண் இருக்கட்டும். இரு தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பிட்டால் சார்பு குறித்த அச்சமும் குறையும்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் தலைமையகம் இதே பெங்களூரில்தான் இருக்கிறது. அதன் ஆய்வுக்காகக் கற்றல் அடைவுகளை வினாக்களோடு பொருத்தும் அட்டவணைகளைப் பேராசிரியர்கள் இரவெல்லாம் நிரப்புகிறார்கள். அவ்வுழைப்பில் ஒரு மணி நேரத்தை இதற்குச் செலவிட்டால் போதும்.

அந்த மாணவன் அடுத்த பருவத்தில் இத்தாளை எடுக்கப்போவதில்லை என்கிறான். தனக்கு இசை வராது என்பதைக் கல்லூரியே சொல்லிவிட்டதாம். இசைத்துறை நண்பர்களே, சேர்க்கை முடிவதற்குள் உங்கள் மதிப்பெண் பட்டியலைத் திறந்து, பிறரைக் கேட்டு வாசிப்பதற்கென ஒரு கட்டம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பருவமே சேருங்கள்.