யானை சாய்ந்தது, சங்கம் எதில் நிற்கிறது?

"யானைக் கட்சி தொழிலாளியின் வயிற்றில் அடித்தது. அந்தப் பாவம்தான் அதைச் சாய்த்துவிட்டது." பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா என்று நாம் பார்க்க வேண்டும்.

1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. 2020இல் நாடு முழுவதும் அதற்குக் கிடைத்தது 249,435 வாக்குகளும் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனமும்தான். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். அன்று அந்தப் பழமொழியும் பொய்த்துப் போனது.

1980 ஜூலையில் அரசாங்க ஊழியர்கள் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் காட்டி, வேலைக்கு வராதவர்கள் பதவியை விட்டு விலகியவர்களே என்று அறிவித்தது. ஏறக்குறைய 40,000 பேர் வேலையிழந்தார்கள். அத்தனை வீடுகளிலும் அடுப்பு அணைந்தது.

அந்தப் பாவம் உடனே பிடித்ததா? இல்லை. 1982இல் ஜே.ஆர். மீண்டும் ஜனாதிபதியானார். கட்சி 1994 வரை ஆட்சியில் இருந்தது. 2020இல் அது விழுந்ததற்கு உடனடிக் காரணம், கட்சி இரண்டாக உடைந்து பெரும்பகுதி சஜித் பிரேமதாசவோடு போனதுதான். பாவம் தானாக வந்து யாரையும் தண்டிக்கும் என்று தொழிலாளி காத்திருக்க முடியாது.

யானைக்கு மட்டும் நேர்ந்த கதையும் அல்ல இது. லங்கா சமசமாஜக் கட்சி தொழிற்சங்கத்தில் வளர்ந்த கட்சி. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் மாண்டபோது நம் மக்களோடு நின்ற கட்சி. அதன் தலைவர் என்.எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்த 1972இல், வங்கி ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. 1977இல் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. நாற்காலி மாறினால் பார்வையும் மாறும் என்பதற்கு இது போதாதா?

இனி நம் பக்கம் பார்ப்போம். 1948இல் நம் குடியுரிமையைப் பறித்தது யானைக் கட்சி ஆட்சி. எஞ்சியிருந்த நாடற்றவர்களில் பலருக்கு 1988இலும் 2003இலும் குடியுரிமைக்கு வழி திறந்ததும் அதே கட்சி ஆட்சிதான். இரண்டையும் சொல்வதே நியாயம். 1980 வேலைநிறுத்தத்தின்போது பெரிய தோட்டச் சங்கத்தின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவையில் இருந்தார். தோட்டங்கள் அந்தப் போராட்டத்தில் இறங்கவில்லை. நான்கு வருடம் கழித்து, 1984 ஏப்ரலில், தோட்டங்களில் வேலை நின்றது. அப்போதும் அவர் அமைச்சர்தான். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் அதன் பிறகே கிடைத்தது.

உள்ளே ஆள் இருந்ததால்தான் பேச முடிந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேச்சுக்குக் கனம் தந்தது, கொழுந்துக் கூடைகள் மலையில் ஏறாமல் நின்ற நாட்கள். 1984ஐ நம் பெண்கள் மறக்கக் கூடாது.

அண்மைக் கணக்கும் அதையே சொல்கிறது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் அந்த வருடம் சம்பளச் சபையில் அடிப்படைச் சம்பளமாக முடிவானது 1,350 ரூபா. மேடையில் சொன்னதும் தாளில் அடித்ததும் சம்பளத் துண்டில் ஏறுவதற்கு, கீழே ஒரு பலம் வேண்டும்.

அதே வருடம் நவம்பரில் 225இல் 159 ஆசனங்களோடு புதிய ஆட்சி வந்தது. தொழிற்சங்கப் பழக்கம் உள்ளவர்கள் அதில் பலர். நல்லது செய்தால் வரவேற்போம். ஆனால் 140ஐயும் பார்த்த நாடு இது. ஆசனக் கணக்கை நம்பி யாரும் சங்கத்தைக் கைவிட வேண்டாம். இந்தக் கட்சிச் சங்கத்திலிருந்து அந்தக் கட்சிச் சங்கத்துக்குச் சந்தாவை மாற்றுவதும் பலம் ஆகாது. ஒரே தோட்டத்தில் நான்கு சங்கம் இருந்தால், துரைக்கு நான்கு கதவு.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதம் ஒரு முறை கூடட்டும். சந்தாக் கணக்கு அங்கே வாசிக்கப்படட்டும். அரைப்பேர், கொழுந்து நிறை போன்ற பிரச்சினைகளில் பக்கத்துச் சங்கத்துக்காரரையும் கூட்டிக்கொண்டே துரையிடம் போவோம். ஆஸ்பத்திரியிலோ ரயிலிலோ வேலை செய்பவர்கள் நியாயம் கேட்டு நிற்கும்போது, அது நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லாதிருப்போம்.

கட்சிகள் வரும், போகும். நாளைக் காலையும் மலைக்குப் போகிறவர்கள் நாம்தான்.