பம்பும் பிராணாயாமமும்

நாஞ்சில் நாட்டில் மழைக்காலம் இரண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. இழுப்புக்காரர்களுக்கு இரண்டுமே சோதனைக் காலம். நடுவில் அறுவடைத் தூசி, தும்பு ஆலைத் தூசி. இப்போது இவற்றோடு இன்னொரு பருவமும் சேர்ந்திருக்கிறது: யோகா முகாம் பருவம். "மருந்தில்லாமல் ஆஸ்துமாவை வெல்லலாம்" என்று சுவரொட்டி இல்லாத பேருந்து நிறுத்தமே இல்லை.

மூச்சுப் பயிற்சி நல்லது என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. "பம்பைத் தூர வை" என்பதுதான் எனக்கு ஒப்பாத விஷயம். இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள், அறுபது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் பத்து நாள் முகாமுக்குப் போய் வந்தார். உண்மையிலேயே முகம் தெளிந்திருந்தது. படியேறினால் முன்போல் திணறுவதில்லை என்றார். தினமும் இரண்டு வேளை எடுத்துக்கொண்டிருந்த தடுப்பு பம்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது வாரம், சாரல் பிடித்த ஒரு இரவில், இரண்டு மணிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். நெபுலைசர் வைத்து, நரம்பில் ஊசி போட்டு, விடிய விடியப் போராடித்தான் மீண்டார். முகாம்காரரிடம் பிறகு கேட்டதற்கு, "அவங்க ஒழுங்கா செஞ்சிருக்க மாட்டாங்க" என்று பதில் வந்தது.

இதில் எனக்கு வருத்தம் அதிகமானதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்துமாவுக்கு யோகா உதவுமா என்பதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முன்னோடிகள் நம் மாவட்டத்து நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். பாறை நினைவு மண்டபத்தைக் கட்டி முடித்த ஏக்நாத் ரானடே 1972-இல் தொடங்கியது விவேகானந்த கேந்திரம், தலைமையிடம் கன்னியாகுமரி. அதன் பெங்களூர் யோக ஆய்வு மையத்திலிருந்து டாக்டர் நாகரத்னாவும் எச்.ஆர். நாகேந்திராவும் 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 53 நோயாளிகளுக்கு இரண்டு வாரப் பயிற்சி. அதன்பின் தினம் 65 நிமிடம் செய்யச் சொன்னார்கள். வயது, நோயின் கடுமை எல்லாம் ஒத்த வேறு 53 பேர் வழக்கமான மருந்தை மட்டும் தொடர்ந்தார்கள். யோகா செய்தவர்களுக்கு வாரத்தில் வரும் இழுப்பு குறைந்தது, மருந்துத் தேவை குறைந்தது, ஊதும் வேகம் கூடியது.

குறை சொல்லவும் இடமுண்டு. யோகா செய்கிறவருக்குத் தான் செய்கிறோம் என்று தெரியும். அந்த நம்பிக்கையே பாதி வேலை செய்யும். ஆசனம், பிராணாயாமம், தியானம், பக்தி எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்ததால் எது உதவியது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் அவர்கள் கருவியை வைத்து அளந்தார்கள், மருந்தைக் கணக்கில் எழுதினார்கள், ஒப்பிட்டார்கள். இன்றைய முகாம்களில் நான் தேடுவது அந்தக் கணக்கைத்தான்.

பிறகு வந்தவர்கள் இன்னும் கறாராகப் பார்த்தார்கள். மூச்சை இழுப்பது ஒரு பங்கு, விடுவது இரண்டு பங்கு என்று கட்டுப்படுத்தும் ஒரு சிறு கருவி உண்டு. ஜெய்ப்பூரை நினைவூட்டும் விதமாக அதற்கு 'பிங்க் சிட்டி' என்றே பெயர். ஜெய்ப்பூர் டாக்டர் வீரேந்திர சிங்கும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் மருத்துவர்களும் லேசான ஆஸ்துமா உள்ள 18 பேருக்கு அதையும், பார்க்க அதேபோல் இருக்கும் போலிக் கருவியையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 1990-இல் லான்செட்டில் முடிவு வந்தது. மூச்சுக்குழாயின் எரிச்சல் தன்மை குறைந்தது உறுதியாகத் தெரிந்தது. மற்ற அளவுகளில் தெரிந்த முன்னேற்றம் உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அதே நாட்டிங்ஹாமில் 90 பேரை வைத்து 2003-இல் வந்த சோதனையில் அந்தக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசமே இல்லை. ரஷ்ய மருத்துவர் புட்டேகோவின் மூச்சுமுறையைச் செய்தவர்களுக்கோ தொல்லை குறைந்தது, அவசர பம்பு குறைந்தது. நுரையீரல் அளவு மட்டும் மாறவில்லை. 2020-இல் காக்ரேன் குழுவினர் 22 சோதனைகளை, 2880 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 14 சோதனைகள் யோகாவைப் பற்றியவை. வாழ்க்கைத்தரம் சற்று உயர்கிறது; நுரையீரல் அளவில் ஏதோ பலன் இருக்கலாம், ஆனால் அழுத்திச் சொல்ல ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். இவர்களெல்லாம் லேசான, நடுத்தர நோய் உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏன் இப்படி? எனக்குப் புரிந்தவரையில், ஆஸ்துமாவில் இரண்டு தொல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டுவது ஒன்று. மூச்சு கிடைக்காதோ என்ற பயத்தில் வாயைத் திறந்து, மேல்நெஞ்சால் வேகவேகமாக இழுப்பது இன்னொன்று. பயிற்சி இரண்டாவதைச் சரிசெய்கிறது. மூக்கால் இழுத்தால் காற்று சூடும் ஈரமுமாக உள்ளே போகும். மெதுவாக விட்டால் உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். முதல் தொல்லைக்குத் தடுப்பு பம்பு வேண்டும். பயிற்சியால் தெம்பு வந்ததும் வீக்கமும் போய்விட்டது என்று நினைப்பதில்தான் ஆபத்து.

இன்னொன்று, கபாலபாதியும் பஸ்திரிகாவும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை விடுவதுதான் கஷ்டம். வேகமாக ஊதி இழுக்கும்போது குழாய் உலர்ந்து சுருங்கும். சிலருக்கு அதுவே இழுப்பைக் கிளப்பிவிடும். முந்நூறு பேரை உட்கார வைத்து மைக்கில் எண்ணிக்கை சொல்கிறவர், யாருக்கு என்ன நோய் என்று கேட்டதை நான் பார்த்ததில்லை.

பம்பின் மேல் நம்மவர்களுக்கு ஒரு வெறுப்பு. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிற பொருள் அது. "ஸ்டீராய்டாச்சே" என்பார்கள். ஒரு தடவை இழுக்கும் பியூடசோனைடு பெரும்பாலும் 100 அல்லது 200 மைக்ரோகிராம். பம்பை விட்டுவிட்டு இழுப்பு முற்றிப் போனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை போகும். ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம். ஸ்டீராய்டுக்குப் பயந்தவர்தான் அதிக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு ஆஸ்துமா என்றதும் மார்செல் ப்ரூஸ்ட் நினைவுக்கு வராமல் இருக்காது. ஒன்பது வயதில் முதல் இழுப்பு. அப்பா பெயர்பெற்ற டாக்டர், பணத்துக்கும் குறைவில்லை. இருந்தும் ஊமத்தை கலந்த சிகரெட்டையும் பொடிப்புகையையும்தான் நம்பியிருந்தார். ஊமத்தையைப் புகைக்கும் அந்த வைத்தியம் மதராஸிலிருந்து இங்கிலாந்து வழியாக ஐரோப்பாவில் பரவியது என்பது தனிக்கதை. அவர் 51 வயதில், 1922-இல் இறந்தார். இழுக்கும் ஸ்டீராய்டு பம்பு வந்தது அதற்கு ஐம்பது வருடம் கழித்து, 1972-இல். கேந்திரம் தொடங்கிய அதே வருடம்! அவருக்குக் கிடைக்காததை நாம் பீரோவில் பூட்டுகிறோம்.

என் மனைவிக்கு முப்பது வருட ஆஸ்துமா. குமாஸ்தா புத்தி போகுமா? பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, காலையிலும் இரவிலும் ஊதச் சொல்லி நோட்டில் பதிந்து வருகிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாய்தான். பயிற்சி தொடங்கும் முன் காலைச் சராசரி 210. மூன்று மாதம் கழித்து 215. இதை முன்னேற்றம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் நீல பம்பு வாரத்துக்கு ஐந்தாறு தடவை என்பது இரண்டாகக் குறைந்தது. இரவில் எழுந்து உட்காருவதும் அரிதானது. பிறகு டாக்டர் அதே தடுப்பு மருந்தை ஸ்பேசர் வைத்து எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அதுவரை பாதி மருந்து தொண்டையிலேயே நின்றிருக்கிறது. இரண்டு மாதத்தில் 250. இரண்டு பலனும் நோட்டில் தனித்தனியாகத் தெரிகின்றன.

முகாம் நடத்துகிறவர்கள் மேசைமேல் அந்த மீட்டர் ஒன்றை வைத்தால் போதும். முதல் நாளும் கடைசி நாளும் ஊதச் சொல்லி, எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். மருந்தைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அந்தச் சீட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். ஊதும் அளவு தன் வழக்கமான உச்சத்தில் பாதிக்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, பாய் விரித்து உட்காரக் கூடாது என்பதையும் அதே சீட்டில் அச்சடிக்கலாம். உடனே வண்டி பிடிக்க வேண்டும். போகிற வழியிலேயே நீல பம்பை ஸ்பேசரில் ஒவ்வொரு அடியாக எடுத்துக்கொண்டே போக வேண்டும்.