கடல் இல்லாத ஊர்க்காரரும் கப்பலும்

கடலுக்கும் ஓசூருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி உட்கார்ந்திருக்கிற ஊர் அது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையும் ஒரே டீக்கடையில் காதில் விழும். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள், ரோஜாப் பூவை வளர்த்து விமானத்தில் ஏற்றி அயல்நாட்டுக்கு அனுப்புகிறார்கள். கடல் ஒன்றுதான் அங்கே கிடையாது.

ஆனாலும் சம்பந்தம் இல்லாமல் போய்விடவில்லை. கெலவரப்பள்ளி அணையிலும் பிறகு கிருஷ்ணகிரி அணையிலும் தங்கிப் போகிற தென்பெண்ணை, கடைசியில் கடலூருக்கு அருகே வங்காள விரிகுடாவில்தான் போய்ச் சேருகிறது. அந்த விரிகுடாவும் நம்மை மறந்து விடுவதில்லை. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு, டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், கடலிலிருந்து சுமார் 150 கிலோ மீட்டர் உள்ளே இருக்கிற ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களும் கார்களும் கப்பலாக மாறி மிதந்து போயின!

ஆகவே புயல் என்பது கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் சொந்தமான சொத்து அல்ல. தவிர, நம்மவர்கள் இப்போது கப்பல் ஏறவும் ஆரம்பித்து விட்டார்கள். 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது. பிள்ளையோ பெண்ணோ ஐரோப்பாவில் வேலையாக இருந்தால், பார்க்கப் போன பெற்றோரை இரண்டு நாள் கப்பலில் ஏற்றி அழைத்துப் போவதும் சகஜமாகி விட்டது.

அப்படி அழைத்துப் போகப்பட்டவர்களில் ஒருவர் என் நண்பர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு இங்கிலாந்தில் வேலை. நியூகாஸில் நகருக்கு அருகே மாலையில் கப்பல் ஏறினால், வட கடலைத் தாண்டி மறுநாள் காலை ஹாலந்தில் இறங்கலாம். பகலில் ஆம்ஸ்டர்டாம் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் மறுபடி கப்பல் ஏறித் திரும்பி விடலாம். நவம்பர் மாதமாதலால் டிக்கெட் விலை மலிவு. ஏன் மலிவு என்று யாரும் கேட்கவில்லை!

“கடலைப் பார்க்கத்தானேப்பா போகிறோம்? நன்றாகத் தெரிகிற அறையாக வாங்கு” என்று மகனிடம் சொல்லி, கப்பலின் முன்பக்கத்தில், மேல் தளத்தில் அறை வாங்கிக் கொண்டார் நண்பர்.

அவரைக் கப்பலில் விட்டுவிட்டு உங்களிடம் ஒரு கேள்வி. தேன்கனிக்கோட்டைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்கார்ந்து போனது உண்டா? பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் உங்கள் தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும். அதே சமயத்தில் நடு ஸீட்டுக்காரர் சுகமாகத் தூங்கிக் கொண்டிருப்பார். கப்பலும் அப்படித்தான். அலையில் ஏறி இறங்குவதெல்லாம் அதன் மூக்கும் வாலுந்தான். நடுப்பாகம் அவ்வளவு ஆடாது. பக்கவாட்டில் சாயும்போதும் மேல் தளத்தில் இருப்பவருக்குத்தான் வீச்சு அதிகம். சாய்வைக் குறைப்பதற்காக மீனின் துடுப்பைப் போல இரண்டு பக்கமும் தகடுகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் மூக்கு எழும்பி விழுவதை அந்தத் துடுப்புகளால் தடுக்க முடியாது. ஆகவே, கடலைப் பார்க்க வேண்டுமானால் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். படுப்பதற்கு நடுவிலே, கீழ்த் தளத்திலே அறை வாங்குங்கள்.

இரவு ஒன்பது மணிக்குக் கப்பல் ஆட ஆரம்பித்தது. வெளித் தளத்துக்குப் போகும் கதவுகளைப் பூட்டினார்கள். மாடிப்படிக் கைப்பிடியில் வரிசையாகக் காகிதப் பைகளைச் செருகி வைத்தார்கள். “இதெல்லாம் எதற்கு?” என்று நண்பர் ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அவருக்கே தெரிந்து விட்டது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் பெயர் பெற்ற கடற்படைத் தளபதி நெல்ஸனுக்கே கடல் மயக்கம் உண்டு. விஷயம் இதுதான்: நம் காதுக்குள்ளே ஆட்டத்தை அறிகிற ஓர் உறுப்பு இருக்கிறது. அறைக்குள் இருக்கும்போது, “எல்லாம் அசையாமல் இருக்கிறது” என்று கண் சொல்லுகிறது. “இல்லை, ஆடுகிறோம்” என்று காது சொல்லுகிறது. இரண்டு சாட்சிகளும் இப்படி மாறி மாறிச் சொன்னால் மூளை என்ன செய்யும்? குழம்பிப் போகிறது. தண்டனை வயிற்றுக்கு!

நண்பரின் மனைவிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தூரத்தில் தெரிந்த இன்னொரு கப்பலின் விளக்கையே பார்த்துக் கொண்டிருந்தார். வீட்டிலிருந்து கொண்டு போன நாரத்தங்காய்த் துண்டு ஒன்று வாயில். பக்கத்தில் வெளுத்த முகத்தோடு தவித்துக் கொண்டிருந்த ஒரு டச்சுக்காரப் பாட்டிக்கும் ஒரு துண்டு கொடுத்தாராம். பாட்டி முகத்தைச் சுளித்தாளாம். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு துண்டு வேண்டும் என்று கையை நீட்டினாளாம்.

டாக்டர்கள் நாரத்தங்காயைப் பற்றி என்ன சொல்லுவார்களோ, இஞ்சி நல்லது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. மாத்திரை சாப்பிடுவதானால் டாக்டரைக் கேட்டுக் கொண்டு, கப்பல் ஏறுவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கினால் அது உள்ளே தங்குமா என்பதே சந்தேகம். வயிற்றைக் காலியாகவும் விடக்கூடாது. மூக்குப் பிடிக்கவும் சாப்பிடக் கூடாது. கண்ணை அடிவானத்தில் வைத்தால் கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லத் தொடங்கும்.

நடுநிசிக்கு மேல் நண்பருக்கு வேறொரு கவலை வந்தது. முப்பது வருஷம் இயந்திரங்களோடு பழகின காது அல்லவா? கப்பலின் எஞ்சின் சப்தம் சட்டென்று இறங்கியது. அறையை விட்டு வெளியே ஓடிவந்து, அங்கே நின்ற சிப்பந்தியைப் பிடித்துக் கொண்டார். “கெட்டுப் போகவில்லை, ஐயா. காப்டன் வேகத்தைக் குறைத்திருக்கிறார். அலையை நேரே வாங்கிக் கொண்டு மெதுவாகப் போகிறோம். நாலு மணி நேரம் தாமதமாகும்” என்றான் அவன்.

நண்பர் படுக்கைக்குத் திரும்பி, அப்போதுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

அவர் பயந்ததில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் வருஷம் மார்ச் 23-ந் தேதி, நார்வே நாட்டுக் கரையோரத்தில் ‘வைக்கிங் ஸ்கை’ என்ற உல்லாசக் கப்பல் 1,373 பேரோடு புயலில் போய்க் கொண்டிருந்தது. திடீரென்று எஞ்சின்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்று போயின. காரணம் என்ன தெரியுமா? மசகு எண்ணெய்! இருக்க வேண்டிய அளவுக்கு எண்ணெய் இல்லை. கப்பல் ஆடின ஆட்டத்தில் இருந்த எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சியது. எஞ்சின்கள் தாமாகவே நின்றன. மொபெட்டில் ஆயில் பார்க்காமல் கிளம்பின பையனை ஓசூர் மெக்கானிக் என்ன பேச்சுப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதை; அளவுதான் பெரிது.

கப்பல் பாறைகளை நோக்கி மிதந்தது. நங்கூரம் பிடிக்கவில்லை. தரை தட்டுவதற்கு ஒரு கப்பல் நீளத் தூரம்கூட இல்லை என்கிற நிலையில் எஞ்சின் மறுபடி உயிர் பெற்றது. 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கிக் காப்பாற்றினார்கள். உயிர்ச் சேதம் இல்லை. பின்னால் நடந்த விசாரணையில், கப்பலின் நாலு ஜெனரேட்டர்களில் ஒன்று முன்பே பழுதாகியிருந்தது தெரிந்தது; அந்த நிலையில், அந்தப் பருவத்தில், கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருக்கவே கூடாது என்று முடிவு சொன்னார்கள்.

கிளம்பியிருக்கவே கூடாது! நேயர்களே, இந்த வார்த்தையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

நம் பக்கத்திலே என்ன நடக்கிறது? பத்திரிகையில் “துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது” என்று போடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பி விடுகிறோம். அந்த எண்களுக்கு அர்த்தம் உண்டு. 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்கு ஆபத்தில்லை, ஆனால் வெளியே போகும் கப்பல் ஜாக்கிரதை. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான காற்று வரலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். 11 என்றால் செய்தித் தொடர்பே அறுந்து போயிற்று என்று பொருள். நீங்கள் கப்பல் டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கும்போது ஒன்றாம் எண் கூண்டும் உங்கள் சமாசாரந்தான்.

2023-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலைத் தொடங்கினார்கள். சுமார் 110 கிலோ மீட்டர். ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி நிறுத்தி விட்டார்கள். “மாலை வாடுவதற்குள் கல்யாணம் முடிந்து போயிற்றே!” என்று கேலி செய்தவர்கள் உண்டு. தொடங்கின மாதத்தைப் பற்றி வேண்டுமானால் கேலி செய்யலாம். நிறுத்தினதைப் பற்றிக் கேலி செய்ய நியாயம் இல்லை. 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு, இலங்கைக் கப்பலுக்குப் பயணிகள் போய் இறங்குகிற தனுஷ்கோடியையே கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து அங்கே போன பாஸஞ்சர் ரயிலும் அதிலிருந்தவர்களோடு போயிற்று. அந்தக் கடலின் பக்கத்தில்தான் இந்தக் கப்பலும் ஓட வேண்டும். 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி வேறொரு கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். கடல் எங்கும் ஓடிப் போய்விடவில்லை.

என் நண்பருக்கு ஆம்ஸ்டர்டாமில் கிடைத்தது இரண்டே மணி நேரம். ஒரு கால்வாயும் ஒரு காபியும் பார்த்ததோடு சரி. “கொடுத்த பணம் வீண்” என்று அவர் முணுமுணுத்தபோது அந்த அம்மாள் சொன்னாராம்: “ஏங்க, ஊர் எங்கேயும் போயிடாது. நாம இருந்தா இன்னொரு தடவை பார்த்துக்கலாம்.”

இனி, பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை. எந்த மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும் என்று விசாரியுங்கள். துறைமுகத்தில் இறங்க முடியாமற் போனாலோ, பிரயாணமே ரத்தானாலோ எவ்வளவு பணம் திரும்பி வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பலில் உயிர்காப்புச் சட்டை போட்டுக் காட்டும்போது, இட்லி ஆறிப் போகிறது என்று நழுவாதீர்கள். 2012-ஆம் வருஷம் ஜனவரியில் இத்தாலிக் கரையில் ‘கோஸ்டா கன்கார்டியா’ சாய்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று மாலை ஏறினவர்களுக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும்போதே பயிற்சி நடக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். கப்பல் ஆடும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். 2023-ஆம் வருஷம் நவம்பரில் பிஸ்கே விரிகுடாப் புயலில் ‘ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி’ என்ற கப்பலில் சுமார் 100 பேருக்குக் காயம்.

கப்பலெல்லாம் நமக்கு எதற்கு என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் குழந்தை குட்டிகளோடு ஒகேனக்கல்லுக்குப் போகிறீர்கள். “தண்ணீர் அதிகம், பரிசல் கிடையாது” என்று சொல்லி விடுகிறார்கள். உடனே கோபம் வருகிறது. “எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், ஒரே ஒரு சுற்று விடுங்களேன்” என்று பரிசல்காரரிடம் கெஞ்சுகிறீர்கள். கூட நூறு ரூபாய் தருவதாகவும் சொல்லுகிறீர்கள். நம் கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள பிலிகுண்டுலுவில் காவிரியின் அளவைப் பார்த்துத்தான் அந்த உத்தரவு போடுகிறார்கள். பரிசலுக்கு மூக்கும் கிடையாது, வாலும் கிடையாது. சுழலில் அகப்பட்டால் எந்தப் பக்கம் திருப்புவது? வேண்டாம் என்கிற பரிசல்காரர் அன்றையக் கூலியை இழந்துதான் சொல்லுகிறார். அவரைப் பேராசை காட்டி இழுக்காதீர்கள்.

பரிசல் இல்லாவிட்டால் என்ன? கரையிலேயே சுடச்சுட மீன் வறுத்துத் தருகிறார்கள். சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் ஓசூர் வந்து சேருங்கள்!