கடல்மீன் தொட்டியில் பி.ஹெச் குறைகிறதா? பவுடருக்கு முன் ஜன்னல்!

பவளங்களோடு கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இது வழக்கமான காட்சி. நேற்று மாலை 8.3 காட்டிய பி.ஹெச், விடிந்ததும் 7.9-ல் நிற்கும். உடனே கை, பி.ஹெச் ஏற்றும் பவுடரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள்!

பகல் வெளிச்சத்தில், பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொள்கின்றன, பி.ஹெச் ஏறுகிறது. இரவில் அந்த வேலை நின்றுவிடும், தொட்டியின் எல்லா உயிர்களும் சுவாசிப்பது மட்டும் தொடரும், பி.ஹெச் இறங்குகிறது. 7.8 முதல் 8.4 வரை என்றால் பயம் வேண்டாம்.

அதற்கும் கீழே போகிறதா? பல வீடுகளில் காரணம், கதவைச் சாத்தி ஏ.சி ஓடும் அறையின் காற்றுதான். ஆட்கள் விடும் மூச்சில் சேரும் கார்பன் டை ஆக்ஸைடு, தண்ணீரிலும் கரைகிறது.

உறுதிசெய்வது எளிது. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரின் பி.ஹெச்சை அளந்துகொள்ளுங்கள். அதை பால்கனியில் வைத்து, ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் குமிழ் விட்டு மறுபடி அளவுங்கள். ஏறியிருந்தால் தண்ணீரில் அதிகமாகச் சேர்ந்த கார்பன் டை ஆக்ஸைடுதான் காரணம். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அல்லது புரோட்டீன் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளியே நீட்டுங்கள்.

ஏறவில்லையா? ஆல்கலினிட்டியைச் சோதியுங்கள். அது 8 முதல் 11 டி.கே.ஹெச்சுக்குள் இருப்பது நல்லது. குறைந்திருந்தால் மட்டும், சில நாள்களில் மெதுவாக ஏற்றுங்கள்.

சோதிக்காமல் பவுடரைக் கொட்டினால், ஏறிய பி.ஹெச் சீக்கிரமே இறங்கிவிடும். ஏறிய ஆல்கலினிட்டி அப்படியே நிற்கும். தினமும் கொட்டக் கொட்ட அது எகிறி, பவளத்தின் நுனி வெளுத்து, சதை உரியும். வருடக்கணக்கில் வளர்த்த பவளம், நல்லது செய்ய நினைத்த கையாலேயே போய்விடும்!