திறந்தவரே மூடுக

தரவுத்தள இணைப்பை மூடும் பணியை டிஸ்ட்ரக்டரிடம் விட்டுவிடலாம் என இன்றும் கற்பிக்கப்படுகிறது. இது எளிமையன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தல்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் தொகுதி முடியுமிடத்தில் அதன் உள்ளூர்ப் பொருளும் அழியும். அங்கே இம்முறை தகும். ஜாவாவில் கார்பேஜ் கலெக்டர் எப்போது இயங்கும் என்பதற்கு உறுதியில்லை; ஃபைனலைஸ் முறையைத் தவிர்க்குமாறு 2017இல் ஜாவா 9 அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பைத்தானிலும் பொருள்கள் ஒன்றையொன்று சுட்டினால் அழிவு தள்ளிப்போகும்.

போஸ்ட்கிரெஸ் இயல்பமைப்பில் ஏற்பவை 100 இணைப்புகளே. மூடாதவை அவற்றை நிரப்பினால், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவருக்குப் பக்கம் திறவாது.

பைத்தானின் ‘வித்’ 2006 முதல் உள்ளது. ஜாவாவில் நிகரான வசதி 2011 முதல் உள்ளது. பாடத்திட்டம் மட்டும் ஏன் இன்னும் தயங்குகிறது?