அவலட்சணத்துக்கும் ஏகபோக உரிமை!

க்ராக்ஸ் என்கிற அமெரிக்கச் செருப்பை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். முன்பக்கம் வாத்தின் அலகுபோல அகன்று கிடக்கும். மேலே சல்லடைபோல ஓட்டைகள். பின்னால் ஒரு வார். அது லட்சணமானது என்று சொல்ல கம்பெனிக்கே வாய் வரவில்லை. அவலட்சணமும் அழகாகலாம் என்றுதான் ஆரம்பத்தில் விளம்பரம் செய்தது. 2010-ல் ‘டைம்’ பத்திரிகை, மிக மோசமான 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதையும் சேர்த்தது. ஆனால் 2002-ல் கொலராடோவில் படகோட்டிகளுக்கென்று பிறந்த இந்தச் செருப்பு இன்னும் சாகவில்லை. 2024-ல் கம்பெனியின் மொத்த விற்பனை சுமார் 410 கோடி டாலர்!

இது ஏன் என்று கேட்டால், முதலாளித்துவப் பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களில் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஜனங்களின் ரசனை கெட்டுவிட்டது என்று ஒரு கனவான் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர், வாங்குகிறவன் விருப்பமே வென்றது, இதுவே ஜனநாயகம் என்று கை தட்டுகிறார். இரண்டும் பித்தலாட்டம் என்கிறோம் நாம்.

முதலில் இதை யார் போட்டார்கள்? பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நிற்கிற நர்ஸுகள் போட்டார்கள். ஓட்டல் சமையற்கட்டின் ஈரத்தரையில் நிற்கிறவர்கள் போட்டார்கள். இலேசாக இருக்கிறது, காலைக் கடிப்பதில்லை, தண்ணீரில் அலசினால் போதும். நாள் முழுதும் நின்று கால் வீங்கியவளிடம் போய் அழகைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர், ஒரு நாளாவது அந்த வார்டில் நின்று பார்க்கட்டும்! செருப்போடு நமக்குச் சண்டை இல்லை. அதை வைத்து அடிக்கிற கொள்ளையோடுதான் சண்டை.

2006-ல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்து 20 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. இரண்டே வருஷத்தில், 2008-ல், 18 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். தண்டனை யாருக்கு? சுமார் இரண்டாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அப்போதே செத்திருக்க வேண்டிய மோஸ்தர் இது. பிளாக்ஸ்டோன் என்ற நிதி முதலைகள் 2014-ல் 20 கோடி டாலர் போட்டார்கள். 2017-ல் பாரிஸ் நாகரிகக் காட்சியில் பலென்சியாகா என்ற சீமான்கள் கம்பெனி இதே செருப்புக்கு உயர்ந்த அடித்தட்டு வைத்து, 850 டாலர் விலை சொன்னது. நர்ஸின் காலில் அவலட்சணம், சீமாட்டியின் காலில் கலை! ஓட்டைகளைக்கூட விட்டார்களா? அவற்றில் குத்திக்கொள்ள பொம்மைகள் செய்தது கொலராடோவிலேயே ஒரு குடும்பம். அந்தத் தொழிலை 2006-ல் ஒரு கோடி டாலருக்கு வாங்கி, ஓட்டைக்கும் விலை வைத்தது கம்பெனி.

ரசனை தானாக மலர்வதாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும். 2018-ல் மெக்சிகோவிலும் இத்தாலியிலும் இருந்த கடைசிச் சொந்த ஆலைகளை இழுத்து மூடினார்கள். இன்று வியட்நாமிலும் சீனாவிலும் இன்னும் பல நாடுகளிலும் கான்ட்ராக்ட் ஆலைகள் செய்கின்றன; கம்பெனி முத்திரையை மட்டும் விற்கிறது. 2024-ல் நிகர லாபம் சுமார் 95 கோடி டாலர். நம் பிளாட்பாரத்தில் இதே உருவில் ஒரு ஜோடியைச் சொற்ப விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் இந்தியச் செருப்புக் கம்பெனிகள் இந்த உருவத்தைக் காப்பி அடித்தன என்று டில்லி ஹைகோர்ட்டில் வழக்கு. 2019-ல் தள்ளுபடியான அவ்வழக்குகளுக்கு 2025 ஜூலையில் மறுபடி உயிர் வந்திருக்கிறது. அவலட்சணத்துக்கும் ஏகபோக உரிமை கேட்கிறார்கள்! (அந்த இந்திய முதலாளிகளுக்காகவும் நாம் கண்ணீர் விடப்போவதில்லை.)

இது தூர தேசத்துச் சங்கதி அல்ல. 2023 நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில், க்ராக்ஸ் செருப்பு செய்யும் ஆலை திறக்கப்பட்டது. வேலை வருவதை நாம் எதிர்க்கவில்லை. மானாவாரிச் சீமைப் பெண்களுக்கு வேலை வேண்டும். அதற்கு அடுத்த மாதமே, டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் என்ன நடந்தது? சாதி இந்துக்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்ட தலித் மக்கள் அறுபது பேர் அளவில், தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களுடன், செருப்பணிந்து அந்தத் தெருவில் நடந்தார்கள். அவர்கள் காலில் கிடந்தது அழகிய செருப்பா, அவலட்சணச் செருப்பா என்று எந்த ஞாயிறு மலரும் ஆராயவில்லை.

உலகத்துக்குச் செருப்பு செய்து அனுப்புகிற நாடு என்று பெருமை பேசுகிற மந்திரிகளை நாம் கேட்கிறோம்: கடையில் ஆயிரக்கணக்கில் ரூபாய்க்கு விற்கிற ஒரு ஜோடியில், அதைச் செய்கிற பெண்ணுக்குக் கூலி எவ்வளவு? ஆலை வாசலில் பலகை வைத்து எழுதத் தயாரா? அந்தப் பெண்கள் நாளை சங்கம் வைத்தால் பதிவு செய்து தருவீர்களா, அல்லது 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்களைப்போல அவர்களும் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா?